பெயர் மறந்துபோன கதையைக் கண்டுபிடித்தல்: ஓர் எளிய விளக்கம்

சிறு வயதில் வாசித்த ஒரு விஞ்ஞானக் கதையோ மாயாஜாலக் கதையோ பலருடைய மனதில் அரைகுறையாகத் தங்கியிருக்கிறது. பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. ஆனால் ஒரு காட்சி மட்டும் அழியாமல் நிற்கும். இலங்கையின் மலையகத்தில் இப்படிப்பட்ட வாசகர்கள் சற்று அதிகம் என்பது என் எண்ணம். தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த சஞ்சிகைகள் பல கை மாறியே வந்தன. அட்டை கிழிந்த புத்தகங்களையும், வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதைகளையும் தலைப்புப் பக்கம் இல்லாமலே வாசித்தவர்கள் இங்கே ஏராளம். 1970களில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்த காலத்தில் அந்தப் பழைய பிரதிகளுக்கு மதிப்பு இன்னும் கூடியது. பெயரே அச்சில் இல்லாத ஒன்றை வாசித்தவரிடம் பெயரைக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

இத்தகைய கதைகளைத் தேடுவது பற்றிப் பேசும்போது இரண்டு தவறான எண்ணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. நமக்கு ஞாபகம் இருப்பது கதையின் ஒரு பகுதி, அது குறைவானதாக இருந்தாலும் சரியானது என்பது முதலாவது. அந்தப் பகுதியை இணையத்தில் எழுதித் தேடினால் கதை கிடைத்துவிடும் என்பது இரண்டாவது. இரண்டும் ஏன் பிழை என்பதையும், உண்மையில் எப்படித் தேட வேண்டும் என்பதையும் புதியவர்களுக்கு விளங்கும் வகையில் இங்கே பார்ப்போம்.

கொழுந்தும் தூளும்

தேயிலை ஸ்டோர் எனப்படும் தொழிற்சாலைக்குள் போகும் கொழுந்து முதலில் வாடவிடப்படுகிறது. பிறகு ரோதை என்ற இயந்திரத்தில் அரைபட்டு, காற்றுப் பட்டு நிறம் மாறி, சூட்டில் காய்ந்து, சல்லடைகளில் தரம் பிரிக்கப்பட்டு வெளியே வருகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்குகிறது. அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது எந்த மலையில் எந்தச் செடியில் பறித்தது என்று கேட்டால் கணக்கப்பிள்ளையாலும் சொல்ல முடியாது. இலையின் உருவம் போய்விட்டது. சாரம் இருக்கிறது. கூடவே, கொழுந்தில் இல்லாத ஒன்றும் சேர்ந்திருக்கிறது: தூளின் கருமை செடியில் இருந்து வந்ததல்ல, ஸ்டோருக்குள் உண்டானது.

ஆனாலும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்லும் தொழில் தெரிந்தவர், ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காற்றுப் பருவத்தில் பறித்த தேயிலையை ஒரு மடக்கிலேயே கண்டுகொள்வார். கருமையும் கசப்பும் எல்லாத் தேயிலைக்கும் உள்ளவை என்பதால் அவற்றை அவர் பொருட்படுத்துவதில்லை. அந்த இடமும் அந்தப் பருவமும் மட்டுமே தரக்கூடிய தனி வாசனை ஒன்றையே அவர் தேடுகிறார்.

நினைவில் தங்கிய கதையும் இப்படி ஒரு செய்முறைக்குள் போய் வந்த பொருள்தான். அதில் எது போய்விட்டது, எது மிஞ்சியது, எது புதிதாகச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தேடலில் பாதி வேலை முடிந்தது.

சாரம் தங்கும், சொல் தங்காது

உளவியலாளர்களான சார்ல்ஸ் பிரேனார்டும் வலேரி ரெய்னாவும் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒன்றை வாசிக்கும்போது மனம் இரண்டு வகைப் பதிவுகளைச் செய்துகொள்கிறது. ஒன்று சொற்பதிவு: வாசகத்தில் இருந்த சொற்கள், பெயர்கள், எண்கள் ஆகியவற்றை உள்ளபடியே வைத்திருப்பது. மற்றது சாரப்பதிவு: வாசித்ததன் பொருளை மட்டும் வைத்திருப்பது. சொற்பதிவு விரைவில் தேய்ந்துவிடும். சாரப்பதிவு நெடுங்காலம் நிற்கும்.

கதைகளின் தலைப்பு ஏன் முதலில் மறக்கிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. தலைப்பு பெரும்பாலும் கதையின் மேல் ஒட்டப்பட்ட ஒரு சீட்டு. கதைக்குள் நடப்பதோடு அதற்கு இறுக்கமான தொடர்பு இருப்பதில்லை. ஐசக் அசிமோவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1956ஆம் ஆண்டில் வெளிவந்த ‘த லாஸ்ட் குவெஸ்ச்சன்’ என்ற அவருடைய சிறுகதை, பிரபஞ்சத்தின் ஆற்றல் தீர்ந்துபோவதைத் தடுக்க முடியுமா என்று மனிதர்கள் யுகம் யுகமாக ஒரு கணினியிடம் கேட்டுக்கொண்டே இருப்பதைச் சொல்வது. ஒரு கதையின் பெயர் ஞாபகமில்லை, அதை எழுதியது நீங்கள்தானா என்பதும் நிச்சயமில்லை என்று வாசகர்கள் அவரிடம் விசாரிப்பார்களாம்; அவர்கள் தேடுவது ஏறத்தாழ எப்போதும் இந்தக் கதையாகவே இருக்கும் என்று அசிமோவே எழுதியிருக்கிறார். கதையின் முடிவை ஒருவரும் மறக்கவில்லை. தலைப்பும் ஆசிரியர் பெயரும்தான் உதிர்ந்துபோயின.

ஆனாலும் தலைப்பு முழுவதுமாக அழிந்துவிடுவதில்லை. ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்நீலும் 1966இல் வெளியிட்ட ஆய்வு, நாக்கு நுனியில் நின்று வெளியே வர மறுக்கும் சொற்களைப் பற்றியது. சொல் வராதபோதும் அதன் முதலெழுத்தையும் அது எத்தனை அசை கொண்டது என்பதையும் பலரால் ஓரளவு சரியாக ஊகிக்க முடிந்தது. ஆகவே தலைப்பு நினைவில்லை என்று சொல்பவரிடம் அது ஒற்றைச் சொல்லா, நீளமானதா, எந்த எழுத்தில் தொடங்கியிருக்கும் என்று கேட்பது வீண் வேலை அல்ல.

மனம் செய்யும் திருத்தம்

இனி, செய்முறையில் புதிதாகச் சேரும் கருமைக்கு வருவோம். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஃபிரெட்ரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்கு வாசிக்கக் கொடுத்து, பின்னர் இடைவெளி விட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். அவர் 1932இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை விரிவாக வருகிறது. திரும்ப எழுதப்பட்ட கதைகளில் மரத்தைக் குடைந்து செய்த ஓடம் சாதாரணப் படகானது. கடல்நாய் வேட்டை மீன்பிடியானது. கதையின் ஆதாரமான ஆவிகளே சிலருடைய எழுத்தில் காணாமற்போயின. எவரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாதவற்றைப் பழக்கமானவையாக அவர்களுடைய மனமே மாற்றிக்கொண்டது.

உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நாம் முன்கூட்டியே வைத்திருக்கும் எதிர்பார்ப்புகளின் தொகுப்பை மனச்சட்டகம் என்று அழைக்கலாம். ஞாபகத்தில் இடைவெளி விழும் இடங்களை இந்த மனச்சட்டகம் நிரப்புகிறது. நிரப்பியதும் இடைவெளி இருந்ததே தெரியாது. விஞ்ஞானப் புனைவிலும் மாயப் புனைவிலும் இந்தத் திருத்தம் கடுமையாக நடக்கிறது. ஏனென்றால் அந்தக் கதைகளின் உயிரே நமக்குப் பழக்கமில்லாத உலகங்களில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். ஹட்டன் பக்கத்து வாசகி ஒருவர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

“பள்ளிக்கூட நாட்களில் வாசித்த கதை. எந்நேரமும் மழை பெய்யும் ஓர் ஊர், நம்ம மலைநாடு மாதிரித்தான். ஒரு நாள் வெயில் வரப்போகிறது என்று டீச்சர் சொல்கிறார். வகுப்பில் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பிள்ளை. மற்றப் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காது. அவளை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெயில் வந்ததும் எல்லோரும் ஓடிப்போய் விளையாடுகிறார்கள். திரும்ப மழை பிடித்த பிறகுதான் அவளை ஞாபகம் வருகிறது. அவள் செத்துப்போனாள் என்று நினைக்கிறேன்.”

இதில் விண்கலமும் இல்லை, வேற்றுக் கிரகமும் இல்லை. கேட்டவுடன் இதை ஒரு சமூகக் கதை என்று நினைத்து, மலையகச் சிறுகதைத் தொகுப்புகளைப் புரட்டத் தோன்றும். உண்மையில் இது ரே பிராட்பரி 1954இல் வெளியிட்ட ‘ஓல் சமர் இன் எ டே’ என்ற சிறுகதை. கதை நடப்பது வெள்ளிக் கிரகத்தில். அங்கே ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மிகக் குறுகிய நேரத்துக்கு மட்டுமே சூரியன் தெரியும். மார்கொட் என்ற சிறுமி பூமியிலிருந்து வந்தவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு மட்டுமே சூரியனை ஞாபகம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் அவளைச் சுவரலமாரிக்குள் பூட்டிவிடுகிறார்கள்.

நம் வாசகியின் மனம் என்ன செய்தது என்று வரிவரியாகக் கவனியுங்கள். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் தென்மேல் பருவத்தில் நாட்கணக்கில் வெயில் தெரியாமல் இருப்பது வழமை. ஆகவே வெள்ளிக் கிரகத்தின் மழை மலைநாட்டு மழையோடு சிரமமின்றிக் கலந்துவிட்டது. பூமியிலிருந்து வந்தவள் கொழும்பிலிருந்து வந்தவளானாள். இதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: கதைக்குத் தேவை வெயிலை அறிந்த இடத்திலிருந்து வந்த பிள்ளை, மலைநாட்டாருக்கு வெயில் என்றால் கொழும்பு. சுவரலமாரி நம் வீடுகளில் அரிது என்பதால் அறையானது. முடிவிலும் மாற்றம். மூலக்கதையில் பிள்ளைகள் கதவைத் திறந்து அவளை வெளியே விடுவதோடு கதை நின்றுவிடுகிறது. அந்தச் சிறுமி சாவதில்லை. வாசித்தபோது ஏற்பட்ட துயரம் அவ்வளவு பெரியதாக இருந்ததால், அதற்கு ஏற்ற அளவில் ஒரு சாவை மனம் பிற்பாடு எழுதிச் சேர்த்துக்கொண்டது.

இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் கதையைக் கண்டுபிடிக்க முடிவது எதனால்? வெயில் ஒரு நாள் மட்டுமே வரும், அப்போது பார்த்து ஒரு பிள்ளையைப் பூட்டிவைக்கிறார்கள் என்ற இணைப்பு மாறவில்லை. அது எந்த மனச்சட்டகத்திலும் முன்கூட்டியே இருந்திருக்க முடியாது. மலைநாட்டில் எவ்வளவு மழை பெய்தாலும், வெயில் வரும் நாளை யாரும் தேதி குறித்துக் காத்திருப்பதில்லை. நம் எதிர்பார்ப்போடு ஒத்துப்போகாத ஒரு விவரம் ஞாபகத்தில் தப்பிப் பிழைத்திருந்தால், அது பெரும்பாலும் கதையிலிருந்தே வந்திருக்கும். இயல்பாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும் விவரங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விசித்திரமாக இருக்கிறதே என்று வெட்கப்பட்டு அந்த விவரத்தை விழுங்கிவிட்டு, பொருத்தமாகத் தோன்றுவதை மட்டும் சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்தது இதுதான். பெயர்களும் சொற்களும் முதலில் போகின்றன, பொருள் தங்குகிறது, இடைவெளிகளை மனச்சட்டகம் நம் ஊர்ச் சரக்கைக் கொண்டு நிரப்புகிறது. தெளிவாக ஞாபகம் இருப்பது என்பதும் சரியாக ஞாபகம் இருப்பது என்பதும் வேறுவேறு.

வேறு கதையிலிருந்து வந்த துண்டு

விசித்திரமான விவரம் கதையிலிருந்து வந்தது என்று சொன்னேன். எந்தக் கதையிலிருந்து என்பது அடுத்த கேள்வி. ஒரு செய்தி ஞாபகத்தில் இருந்து, அது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் மாறிப்போவதை மூலக் குழப்பம் என்பார்கள். மார்சியா ஜோன்சன் என்ற உளவியலாளர் இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர். மனம் எந்தப் பதிவின் மீதும் “இது இன்ன புத்தகத்தில் வாசித்தது” என்று முத்திரை குத்தி வைப்பதில்லை. பிற்பாடு ஞாபகம் வரும்போது, அதன் தன்மையைப் பார்த்து இது வாசித்ததாக இருக்கும், இது பார்த்ததாக இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகம் சில வேளைகளில் தவறுகிறது.

மலையகத்தில் இந்தக் குழப்பத்துக்கு மொழியும் ஒரு காரணமாகிறது. விலங்குகளோடு பேசத் தெரிந்த வைத்தியரைப் பற்றிய ஆங்கில கார்ட்டூன் தொடர், டைட்டஸ் தொட்டவத்தவின் சிங்களக் குரலாக்கத்தில் ‘தொஸ்தர ஹொந்தஹித’ என்ற பெயரில் ரூபவாஹினித் தொலைக்காட்சியில் வந்தது. அதைப் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். சாரப்பதிவு மொழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதால், சிங்களத்தில் பார்த்த ஒன்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தமிழில் வாசித்த கதையாக ஞாபகம் வருவதில் வியப்பில்லை. அம்புலிமாமாவும் அப்படித்தான். 1947இல் சென்னையில் தொடங்கிய அந்த மாத இதழ் பல மொழிகளில் வெளிவந்தது. சிங்களப் பதிப்பும் இருந்தது. ஆகவே “தமிழில்தான் வாசித்தேன்” என்று ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அதை ஒரு வாய்ப்பாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டு கதைகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வது இன்னும் சிக்கலானது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ நாவலை மஸ்கெலியாக்காரர் ஒருவர் மறக்க வாய்ப்பில்லை. அதில் பூமியிலிருந்து விண்வெளிக்குப் போகும் மின்தூக்கி சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்ட ஒரு மலையுச்சியில் எழுகிறது. அத்தகைய மின்தூக்கி நிலநடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்பதற்காக கிளார்க் இலங்கையைத் தெற்கே நகர்த்தி, தப்ரபேன் என்று பெயரும் வைத்துவிட்டார். இந்த நாவல் வெளிவந்த அதே 1979இல் சார்ல்ஸ் ஷெஃபீல்டின் ‘த வெப் பிட்வீன் த வேர்ல்ட்ஸ்’ நாவலும் வந்தது. அதிலும் விண்வெளி மின்தூக்கி. இரண்டு நாவல்களிலும் நாயகன் பெரும் பாலங்களைக் கட்டிய பொறியியலாளன்; இரண்டிலும் ‘ஸ்பைடர்’ என்ற பெயரில் ஓர் இயந்திரம் வருகிறது. ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதவில்லை என்பதைக் கிளார்க்கே பகிரங்கமாகச் சொன்னார். ஒரே காலத்தில் ஒரே யோசனை இருவருக்கும் தோன்றியிருக்கிறது.

பாலம் கட்டியவர், விண்ணுக்குப் போகும் வடம், சிலந்திப் பெயர் கொண்ட இயந்திரம் என்ற மூன்று விவரங்களும் சேர்ந்தும் இங்கே ஒரு நூலைத் தனித்துக் காட்டவில்லை. மலையுச்சியில் ஒரு பௌத்த மடம் இருந்தது, பட்டாம்பூச்சிகள் உச்சியை அடைந்ததும் பிக்குகள் அங்கிருந்து வெளியேறினார்கள் என்று ஒருவர் சொன்னால் அது கிளார்க்கின் நூல்தான். மின்தூக்கியை எல்லோரும் சொல்வார்கள். பட்டாம்பூச்சியைச் சொல்பவர்தான் தேடுபவருக்கு உதவுகிறார்.

எந்த விவரத்துக்கு எடை அதிகம்?

ஒரு விவரத்தின் பயன், அது எத்தனை கதைகளை விலக்குகிறது என்பதில் இருக்கிறது. பாதியை விலக்கும் கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்தால் தேட வேண்டியவை பாதியாகும். இப்படி ஒன்றையொன்று சாராத இருபது விடைகள் கிடைத்தால் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கதைகளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 வருகிறது. தகவல் அளவை என்று கணிதவியலாளர்கள் சொல்வது இதைத்தான். “ஒரு ரோபோ வரும்” என்ற விவரம் விஞ்ஞானக் கதைகளில் மிகச் சிலவற்றையே விலக்குகிறது. “ரோபோ காலத்தில் பயணம் செய்கிறது, அந்தக் கால இயந்திரம் ஒரு கோட்டையின் உருவில் இருக்கும்” என்றால் ஏறத்தாழ எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறது. காமிக்ஸ் வாசித்த எவரும் உடனே லயன் காமிக்ஸின் இரும்பு மனிதன் ஆர்ச்சி என்று சொல்லிவிடுவார்.

எடை குறைந்த விவரங்களை அறிந்துகொள்ள நாட்டாரியல் ஆய்வாளர்கள் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள். கதை கதையாகப் பயணம் செய்யும் மிகச் சிறிய அலகைக் கதைக்கூறு என்பார்கள். அமெரிக்கரான ஸ்டித் தொம்சன் உலகக் கதைகளின் கதைக்கூறுகளைத் தொகுத்து எண்ணிட்டு 1932 முதல் 1936 வரை வெளியிட்டார். திருத்திய பதிப்பு 1955 முதல் 1958 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதில் டி2011 என்ற எண்ணின் கீழ் வருவது, சில நாட்கள் என்று நினைத்தது பல ஆண்டுகளாக இருந்தது என்ற கூறு. பாகவதத்தில் ககுத்மி மன்னன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்கப் பிரம்மலோகம் போகிறான். அங்கே ஒரு கச்சேரி முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டால், பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன என்று பிரம்மா சிரிக்கிறார். ஜப்பானியப் பழங்கதை ஒன்றில் மீனவன் கடலடி அரண்மனையிலிருந்து திரும்பியபோதும் இதுதான் நடந்தது. ஒளிவேகத்தை நெருங்கிப் பயணம் செய்து திரும்பும் விண்வெளி வீரர்களின் கதைகள் இதற்கு ஐன்ஸ்டைனைத் துணைக்கு அழைத்துக்கொண்டன. ஆகவே “போய்விட்டு வந்தால் ஊரில் எல்லோரும் செத்துப்போயிருந்தார்கள்” என்பது எவ்வளவு உலுக்கிய முடிவாக இருந்தாலும், கதையைக் கண்டுபிடிக்க உதவாது. திரும்பி வந்தவர் முதலில் எதைப் பார்த்து விஷயத்தை அறிந்தார் என்பதில்தான் கதைக்குக் கதை வேறுபாடு இருக்கும்.

அதிகம் பாதித்த காட்சியைத் தேடுபவர் முதலில் சொல்வார். அது பெரும்பாலும் கதைக்கூறாகவே இருக்கும். போகிற போக்கில் ஞாபகம் வந்த சிறு பொருள், நிறம், உணவு, தொழில் ஆகியவற்றுக்கே எடை அதிகம்.

கதைக்கு வெளியே உள்ள சாட்சிகள்

கதையைப் பற்றிய ஞாபகம் கலங்கியிருந்தாலும், அதை வாசித்த சூழ்நிலையைப் பற்றிய ஞாபகம் வேறு வழியில் சரிபார்க்கக் கூடியது. இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். என் அனுபவத்தில் கதைச் சுருக்கத்தை விட இதுவே பல வேளைகளில் வேலை செய்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பா பின்பா, எந்த வீட்டில் இருந்தபோது, புத்தகம் கையடக்கமா பெரிதா, படங்கள் கோட்டோவியமா வண்ணமா, பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருந்ததா என்ற கேள்விகளுக்கு மனச்சட்டகம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

காமிக்ஸில் இதன் பயனைத் தெளிவாகக் காணலாம். ‘மாயாவி’ என்று மட்டும் ஞாபகம் இருந்தால் அது போதாது. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி, 1962இல் பிரித்தானியாவில் தொடங்கிய படக்கதையின் நாயகன்; மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, உலோகக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ராணி காமிக்ஸின் மாயாவியோ காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் முகமூடி வீரர். அவரையே முத்து காமிக்ஸ் வேதாளர் என்று அழைத்தது. எந்த வெளியீடு என்பது தெரிந்தால் இந்தச் சிக்கல் ஒரே நொடியில் தீரும். ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் 1984இல் தொடங்கியவை. 1980இல் வாசித்தேன் என்று உறுதியாகச் சொல்பவர் அவற்றில் வாசித்திருக்க முடியாது.

ஓவியமும் நல்ல சாட்சி. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமந்து செல்லும் அம்புலிமாமாப் படத்தை வரைந்தவர் சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன். கதையை மறந்தவர்களும் அந்தக் கோடுகளை மறப்பதில்லை. நாமாக ஒன்றை வரவழைப்பது நினைவுகூர்தல். முன்னால் வைத்ததைப் பார்த்து இதுதான் என்று சொல்வது இனங்காணல். இனங்காணல் நினைவுகூர்தலை விட எளிது. பழைய அட்டைப்படங்களை வரிசையாகக் காட்டினால், ஒரு மணி நேரமாக எதுவும் சொல்ல முடியாதவர் சட்டென்று ஒன்றில் விரலை வைப்பது இதனால்தான்.

எங்கே தேடுவது என்பதும் இதிலிருந்தே தீர்மானமாகிறது. ஆங்கிலக் கதை என்றால், 1995இல் தொடங்கிய ‘இன்டர்நெட் ஸ்பெகுலேடிவ் ஃபிக்ஷன் டேட்டாபேஸ்’ என்ற தரவுத்தளத்தில் எந்தத் தொகுப்பில் எந்தக் கதைகள் இருந்தன, எந்த ஆண்டில் எந்த அட்டையோடு வந்தன என்று பார்க்கலாம். கதைச்சுருக்கத்தைக் கொண்டு தேடுவதற்கான இடம் அல்ல அது. ஆண்டும் தொகுப்பும் தெரிந்தவருக்கே கைகொடுக்கும். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் இருக்கிறது. அங்கே உள்ளவற்றில் பெரும்பாலானவை பக்கங்களின் படங்கள். படத்துக்குள் இருக்கும் சொற்களைத் தேடுபொறியால் வாசிக்க முடியாதபோது, கதையின் காட்சியை எழுதித் தேடி எந்தப் பயனும் இல்லை. சஞ்சிகையின் பெயரையும் ஆண்டையும் கொண்டு உள்ளே போய், பக்கங்களைக் கண்ணால் புரட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கவில்லை என்பதற்கும் கதை இல்லை என்பதற்கும் தொடர்பே கிடையாது. கண்டியில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்குப் போனால், புத்தக அடுக்கின் முன்னால் நின்று அட்டைகளைப் பார்ப்பதே ஒரு தேடல் முறை என்பது விளங்கும்.

சுருங்கச் சொன்னால், கதைக்குள் எடை கூடிய விவரம் ஒன்றும், கதைக்கு வெளியே காலமும் இடமும் உருவமும் கையில் இருந்தால் தேடலைத் தொடங்கலாம்.

உதவுபவர் செய்யும் கெடுதி

தேடுபவரின் ஞாபகத்தைக் கேள்வியே மாற்றிவிடக் கூடும். எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பால்மரும் 1974இல் வெளியிட்ட சோதனையில், கார்கள் மோதும் காட்சியைப் பலருக்குக் காட்டினார்கள். பிறகு 50 பேரிடம் கார்கள் நொறுங்க மோதியபோது வேகம் என்ன என்றும், வேறு 50 பேரிடம் கார்கள் இடித்துக்கொண்டபோது வேகம் என்ன என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு முதற்குழுவில் 16 பேரும் இரண்டாவது குழுவில் 7 பேரும் ஆம் என்றார்கள். காட்சியில் உடைந்த கண்ணாடி எதுவும் இல்லை.

“அது பறக்கும் கம்பளமா?” என்று கேட்டால், அடுத்த முறை அவர் சொல்லும் கதையில் கம்பளம் இருக்கும். “எதில் ஏறிப் போனார்கள்?” என்று கேட்பதே முறை. அதற்கும் முன்னதாக, தேடுபவர் எவரோடும் பேசாமல் ஞாபகத்தில் இருப்பதைத் தாளில் எழுதிவிடுவது மிக நல்லது. உறுதியானது, சந்தேகமானது என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. அதில் ஒரு விவரத்தையாவது உதவுபவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால், புத்தகம் கையில் கிடைத்ததும் அதைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

இப்போது பலர் கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கிறார்கள். அவை சில வேளைகளில் சரியாகவே சொல்கின்றன; பிரபலமான ஆங்கிலக் கதை என்றால் வாய்ப்பு அதிகம். ஆனால் அடுத்து வரத்தக்க சொல் எது என்ற கணிப்பில் இயங்கும் கருவி, விடை தெரியாத இடத்திலும் பொருத்தமான தலைப்பு ஒன்றைத் தயங்காமல் தந்துவிடும். உண்மையான நூலின் பெயரைச் சொல்லி, அதில் இல்லாத காட்சியை அதில் இருப்பதாகவும் விவரிக்கும். இடைவெளியைப் பொருத்தமானதால் நிரப்பும் பழக்கம் நம் மனதுக்கும் அதற்கும் பொதுவானது. இரண்டும் ஒன்றையொன்று ஆமோதிக்கும்போது பிழை இரட்டிப்பாகிறது. பெயர் கிடைத்ததோடு நிறுத்தாமல் கதையைத் தேடி வாசித்துவிட வேண்டும்.

அச்சில் ஏறாத கதைகள்

எல்லா முயற்சிக்கும் பிறகும் சில கதைகள் கிடைப்பதில்லை. அவற்றில் ஒரு பங்கு எப்போதுமே புத்தகத்தில் இருந்திராதவை. தோட்டத்து லயக் குடியிருப்பில் இரவில் பெரியவர்கள் சொன்ன கதை, இலங்கை வானொலியில் கேட்ட நாடகம், பொன்னர் சங்கர் கூத்தில் விடிய விடியப் பார்த்த காட்சி ஆகியவை பிற்காலத்தில் வாசித்ததாக ஞாபகத்துக்கு வரக்கூடும். ஸ்டோர் இயந்திரங்களைக் காக்கும் ரோதை முனியைப் பற்றிய கதைகளைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் கேட்டிருப்பார்கள். பெரிய இயந்திரத்துக்குள் ஒரு சக்தி குடியிருக்கிறது, அதை மதிக்காதவனுக்கு விபத்து நேர்கிறது என்ற அந்த அமைப்பை வெளிநாட்டு விஞ்ஞானக் கதை ஒன்றோடு ஒருவர் கலந்து ஞாபகம் வைத்திருந்தால், எந்தத் தரவுத்தளத்திலும் அது கிடைக்காது.

வாய்மொழிக் கதைக்கு ஒற்றை மூலம் கிடையாது. சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஆகவே அங்கே கேட்க வேண்டியது புத்தகத்தின் பெயரை அல்ல, அதே கதையை வேறு யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதை. சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் எவை என்ற விவரங்களோடு அதை எழுதி வைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் உள்ள இன்னொருவரிடம் அதே கதை இருக்கிறதா என்று விசாரிக்க அந்தக் குறிப்பே போதும்.